பருந்துப் படம் ஏன் மங்குகிறது?

என் அக்காள் மகன் சென்ற ஆண்டு போனஸ் பணத்தில் 150-600 மில்லிமீட்டர் ஸூம் லென்ஸ் ஒன்று வாங்கினான். இரண்டே மாதத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "மாமா, இதை வித்துக் கொடுக்க முடியுமா? லென்ஸ்ல ஏதோ கோளாறு. ஒரு படம்கூட ஷார்ப்பா வரலை." அதற்கு முன்பே அக்காள் எனக்குத் தனியாக எழுதியிருந்தார்: "அந்தக் காசுக்கு ஹாலுக்கு ஒரு ஏர்கோன் மாட்டியிருக்கலாம். நீதான் அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வச்சது."

படங்களை அனுப்பச் சொன்னேன். எல்லாம் தஞ்சோங் துவானில் எடுத்தவை. பார்த்ததும் சிரிப்பு வந்தது. பல வருடங்களுக்கு முன் அதே இடத்தில் ஒரே நாளில் ஆயிரம் படங்களுக்கு மேல் எடுத்து, ஒன்றுகூடத் தேறாமல், லென்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியவன் நான். அவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

தஞ்சோங் துவான், போர்ட்டிக்சனுக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு முனை. சுற்றிலும் நெகிரி செம்பிலான், ஆனால் அந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். உச்சியில் பழைய கலங்கரை விளக்கம். மார்ச் மாதத்தில் வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைக் கடந்து இங்கேதான் கரையேறுகின்றன. எதிரே உள்ள ரூபாட் தீவிலிருந்து ஏறக்குறைய 38 கிலோமீட்டர். மலேசிய இயற்கைச் சங்கம் இதற்காகவே இங்கு பருந்து பார்க்கும் விழா நடத்தி வருகிறது.

பருந்து பெரிய பறவை. சிறகடித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் வெயிலில் சூடான தரையிலிருந்து மேலெழும் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, அங்கிருந்து சறுக்கிப் போகும். சிக்கல் என்னவென்றால், அதைத் தூக்கிவிடும் அதே சூடான காற்றுதான் நம் படத்தைக் கெடுக்கிறது. நண்பகலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெளிவு வழியாகத்தான் லென்ஸ் பார்க்கிறது. எத்தனை ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கியிருந்தாலும் காற்றை அது நேராக்காது.

மருமகன் படங்களில் முக்கால்வாசி, முந்நூறு மீட்டருக்கு அப்பால் வட்டமிட்ட பருந்துகள். முழுச்சட்டக சென்ஸார் உள்ள கேமராவில் 600-இல் வைத்தால், அந்தத் தூரத்தில் படத்தின் அகலம் கிட்டத்தட்ட 18 மீட்டர். பருந்தின் இறக்கை விரிப்போ ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். படத்தில் பதினான்கில் ஒரு பங்கு! அதை வெட்டிப் பெரிதாக்கிவிட்டு லென்ஸைத் திட்டுகிறான். அதே பறவை முப்பது மீட்டரில் வந்தால் படத்தின் முக்கால் அகலத்தை நிரப்பிவிடும்.

அடுத்த சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு போனேன். அன்று ஒரே நிபந்தனை: இறகு தனித்தனியாகத் தெரியாதவரை பட்டனை அழுத்தக் கூடாது.

பதினொரு மணிக்கு மேல் கடல் பக்கம் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. "மாமா, கூட்டமே வருது, எடுக்கலையா?" பொறு என்றேன். கடலுக்கு மேல் அந்த ஏறுகாற்று கிடைப்பது அரிது. சிறகடித்தே கடக்க வேண்டியிருப்பதால் பல பருந்துகள் கரைக்கு வரும்போது களைத்து, மர உச்சியளவுக்குத் தாழ்ந்துவிடும். குன்றின் மேல் நிற்பவனுக்கு அது கிட்டத்தட்ட கண் மட்டம். முனையைத் தாண்டியதும் வெப்பக்காற்றைப் பிடித்து மேலே ஏறிவிடும். நமக்குக் கிடைப்பது அந்தச் சில வினாடிகள்தான்.

அதற்குள் அவன் கேமராவை வாங்கிப் பார்த்தேன். ஐஎஸ்ஓ 100-இல் பூட்டி வைத்திருந்தான், படத்தில் குருணை விழும் என்ற பயம். அதனால் ஷட்டர் வேகம் 1/500-ஐத் தாண்டவில்லை. குருணையைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்து மங்கிய கண்ணை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது. வேகத்தை 1/2000-க்கு ஏற்றி, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டோம். இந்த வகை ஸூம்கள் பெரும்பாலும் 600-இல் முழுசாகத் திறந்திருக்கும்போது சற்று மிருதுவாகத்தான் இருக்கும், எஃப் 8-க்கு இறக்கினால் தெளியும். வெள்ளை வானத்துக்கு எதிரே பறவை கறுத்துப்போகாமல் இருக்க, வெளிச்ச அளவை ஒரு படி கூட்டினோம். முன்னால் மாட்டியிருந்த மலிவான யூவி கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அது அவன் அம்மா வாங்கிக் கொடுத்ததாம். அக்காளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஸூம் லென்ஸின் பெரிய பலனைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. 600-இல் வைத்துக்கொண்டு வானத்தில் தேடினால் வெறும் வெள்ளைதான் தெரியும். 200-இல் பறவையைப் பிடித்து, ஃபோகஸ் பூட்டிக்கொண்டு, அது நெருங்க நெருங்க உள்ளே போங்கள். சட்டகத்தை முழுசாக நிரப்பவும் வேண்டாம். அது பறக்கும் திசையில் கொஞ்சம் வானம் விடுங்கள். முன்னால் இடமில்லாத பருந்து, சுவரில் மோதப் போவதுபோல் இருக்கும். நேர்கீழிருந்து எடுத்த வயிற்றுப் படங்கள் என்னிடம் நூற்றுக்கணக்கில் உண்டு, திரும்பிப் பார்த்ததே இல்லை. பறவை திரும்பும்போது ஒரு பக்க இறக்கை சாயும், வெளிச்சம் அதன் மேல் வழியும், கண்ணில் ஒரு பொட்டு மின்னும். விரல் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

கிளையில் இறங்கி இளைப்பாறும் பருந்தை நெருங்கிப் போய்க் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். கடல் கடந்து வந்த ஒன்றை அப்படி விரட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ.

பன்னிரண்டரை மணி இருக்கும். விளக்குக்குக் கீழே ஒரு தேன்பருந்து, தனியாக, சோர்ந்த சிறகடிப்போடு மரங்களை உரசுவதுபோல் வந்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காத்திருந்தான். அது தலையைத் திருப்பிய கணத்தில் ஏழெட்டுப் படங்கள் சரசரவென்று ஓடின. பிறகு திரையைப் பார்த்தவன் ஒன்றும் பேசவில்லை, கேமராவை என்னிடம் நீட்டினான்.

அந்தப் படம் இப்போது அக்காள் வீட்டு ஹாலில், ஏர்கோன் மாட்ட வேண்டிய சுவரில் தொங்குகிறது. வால் நுனி கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது. வருகிற விருந்தாளிகளிடம் அதைச் சொல்லக் கூடாது என்று அக்காள் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார்.