பழைய கண் மருந்தைத் தூக்கிப் போடுங்கள்



"கண் சிவந்தால் வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடுங்கள்" என்று குடும்பக் குழுவில் வந்த செய்திக்குப் பத்துப் பேர் கைகூப்பியிருக்கிறீர்கள். தவறு!

கண்புரை அறுவைக்குப்பின் தந்த மருந்தை நானும் சீட்டில்லாமலே கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டேன். சிவப்பு மறைந்தது. கண் அழுத்தம் ஏறி, இடது கண்ணின் ஓரப் பார்வை போனது. இனித் திரும்பாது.

அதில் ஆன்டிபயாடிக்குடன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்குக் கேட்காது. ஹெர்பிஸ், பூஞ்சைப் புண் என்றால் ஸ்டீராய்டு அதை வளர்த்தே விடும்.

டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும் விடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஒருவர் மருந்து இன்னொருவருக்கு ஆகாது. திறந்து ஒரு மாதமானால் குப்பையில் போடுங்கள்.

கைகூப்பியவர்கள் முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.