வாசல் வரப்பு யாருடைய பனி?

பனிக்காலம் பிறந்துவிட்டால் இங்கே மொன்றியலில் நம்மவர் இரண்டு பேர் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே பேச்சுதான். இந்தப் பனியை அள்ள வேண்டியது யார்? நாமா, நகராட்சியா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறிவிப்பு என்று எது வந்தாலும் கடைசி வரி வரை படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் விதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெருவும் நடைபாதையும் நகராட்சியின் பொறுப்பு. பனி கொட்டும்போதே வண்டிகள் அதை ஓரத்துக்கு ஒதுக்குகின்றன. நிறையச் சேர்ந்துவிட்டால் ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகை நடுவார்கள். அதில் போட்ட நேரத்துக்குள் காரை எடுக்காவிட்டால் அபராதமும் கட்ட வேண்டும், காரை இழுத்துப்போன செலவும் கொடுக்க வேண்டும். பிறகு லாரிகளில் ஏற்றி, சேன் மிஷேலில் உள்ள பழைய பிரான்கோன் கல்குவாரி போன்ற இடங்களில் கொட்டுகிறார்கள். ஒரு குளிர்காலத்தில் சுமார் 2 மீட்டர் பனி விழும் ஊரில் இது சாதாரண வேலையல்ல. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

வீட்டுப் படிக்கட்டும் கார் நிறுத்தும் பாதையும் நம் பொறுப்பு. அங்கே அள்ளிய பனியைத் தெருவிலோ நடைபாதையிலோ தள்ளக் கூடாது, நம் மனைக்குள்ளேயே குவிக்க வேண்டும். இதுவும் நியாயமே. நாம் தள்ளும் பனி இறுகிப் பாளமானால் அதில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் நம் வயதுக்காரருக்குத்தான்.

என் கேள்வி மூன்றாவது பனியைப் பற்றியது. நகராட்சி வண்டி தெருவைத் துப்புரவாக்கிப் போகும்போது நம் வாசலை அடைத்து ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகிறதே, அது யாருடைய பனி? தெருவில் விழுந்தது, தெருவிலிருந்து வந்தது. ஆனால் அள்ள வேண்டியவர் வீட்டுக்காரர். என் பனி தெருவுக்குப் போகக் கூடாதென்றால், தெருவின் பனி மட்டும் என் வாசலுக்கு வரலாமா?

ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று போனால் வேலை முடியாது என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் டொராண்டோவில், நம்மவர் நிறைந்த ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில், முடிந்த இடங்களில் இந்த வரப்பை நகராட்சியே எடுத்துத் தருகிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? எல்லோருக்கும் வேண்டாம். 70 வயது கடந்து தனியாக இருப்பவர்களையும், நடக்க இயலாதவர்களையும் பதிவு செய்துகொண்டு அவர்கள் வாசலுக்கு மட்டும் செய்தால் போதும். வரப்புப் பனி புதுப்பனி போல இலேசானது அல்ல. இறுகி, கல்லாய்க் கனக்கும். கடுங்குளிரில் அதை வாரித் தூக்குவது இதயத்துக்கு ஆபத்து என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வழியைத் திறக்காமல் விட்டாலோ, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் படுக்கையைக் கூட உள்ளே தள்ளி வர முடியாது.

விதி மாறும் வரை ஒரு யோசனை. வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, வாசலுக்கு அந்தப் பக்கம் தெரு ஓரத்தில் உங்கள் மனையில் கொஞ்சம் இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். வண்டி சுமந்து வரும் பனியில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும், வாசலில் சேர்வது குறையும். அள்ளுவது பிள்ளைகளோ பக்கத்து வீட்டு இளைஞரோ ஆகட்டும், நீங்கள் வேண்டாம்.

311-க்கு அழைத்து முறையிடலாம். வட்டார மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கவும் நேரம் ஒதுக்குகிறார்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு, ஐம்பது பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் அது கோப்பாகும். கோப்பாகிவிட்டால் யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும், அது குமாஸ்தாவுக்குத் தெரியும். மனுவைப் பிரெஞ்சில் எழுதித் தர நான் தயார். கையெழுத்துப் போட நீங்கள் வாருங்கள்.