செம்பு போகிறது, பாட்டரி எங்கே?

பிரிட்டனில் பழைய செப்புக் கம்பி டெலிபோனை நிறுத்த 2027 ஜனவரி இறுதி வரை கெடு வைத்திருக்கிறார்கள். இனிப் பேச்சு இணையம் வழியே போக வேண்டும். பழைய யந்திரங்களுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை என்கிறார்கள். மெய்தான். புதிய யந்திரத்துக்கு நாம் விரோதிகளல்ல.

ஆனால் செப்புக் கம்பி பேச்சை மட்டுமா சுமந்தது? எக்ஸ்சேஞ்சில் பெரிய பாட்டரிகள் உண்டு; அங்கிருந்து மின்சாரமும் அதே கம்பியில் வந்தது. ஊரே இருண்டாலும் டெலிபோன் பேசிற்று. புதிய டெலிபோனோ வீட்டுக் கரண்டில் ஓடும் ரூட்டர் பெட்டியை நம்பி நிற்கிறது. கரண்ட் போனால் அதுவும் ஊமை!

அங்கே சுமார் 18 லட்சம் பேர், பெரும்பாலும் முதியோரும் நோயாளிகளும், ஆபத்தில் பொத்தானை அமுக்கி உதவி கேட்கும் கருவியோடு வாழ்கிறார்கள். மாற்றத்தின்போது சிலரது கருவி வேலை செய்யவில்லை. கடுமையான சம்பவங்கள் நேர்ந்த பிறகே, 2023 டிசம்பரில் சர்க்கார் கம்பெனிகளைக் கூப்பிட்டுக் கட்டாய மாற்றத்தை நிறுத்தச் சொன்னது. 2025 டிசம்பர் என்றிருந்த கெடுவும் பின்னர் தள்ளிப் போயிற்று.

டெலிபோனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது 1 மணி நேரம் அவசர உதவியைக் கூப்பிட வழி செய்து தர வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு மணி! 2021 நவம்பரில் ஆர்வென் புயலடித்தபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

பொதுச்சொத்தாக இருந்த டெலிபோனின் பங்குகளை 1984-ல் தாட்சர் சர்க்கார் விற்றது. அப்படிப் பிறந்த பி.டி. கம்பெனி, பிடுங்கப் போகும் பழைய செம்புக்கு 2023-24 கணக்கு வருஷத்தில் 10.5 கோடி பவுன் முன்பணம் வாங்கியாயிற்று. அந்தப் பணத்தில் எத்தனை பாட்டரி வாங்கலாம் என்று கேட்கிறோம்.