ஆள் மாறவில்லை, அணி மாறியது!

“நல்ல ஆள் கிடைப்பதில்லை.” கடை வைத்திருக்கும் பாயிடம் கேளுங்கள், இதைத்தான் சொல்வார். கிளைப் பொறுப்பாளரிடம் கேளுங்கள், அவரும் இதையேதான் சொல்வார். வியாபாரம் மந்தம், போட்டியோ செல்போன் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நாளை என்ன ஆகும் என்று தெரியாது. இந்தப் பழைய ஆட்களை வைத்துக்கொண்டு எதை மாற்றுவது என்று அலுத்துக்கொள்கிறோம்.

சகோதரர்களே! குறை ஆட்களிடமா, அவர்களை நடத்துகிறவரிடமா? சற்றுச் சிந்தியுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபிரிமான்ட் என்றோர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கார் தொழிற்சாலை இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஓயாத சண்டை. திடீர் வேலைநிறுத்தங்கள், வேலை நேரத்திலேயே குடி. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். 1982இல் ஆலையை இழுத்து மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

1984இல் ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. ‘நம்மி’ என்று பெயர். நிர்வாகம் டொயோட்டாவின் கையில். தங்கள் முறை அமெரிக்க மண்ணில் எடுபடுமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. அப்படியிருந்தும் யாரை வேலைக்கு எடுத்தார்கள்? சண்டைக்காரர்கள் என்று பெயரெடுத்த அதே தொழிலாளர்களை! சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழையவர்கள். சங்கத் தலைவர்களையும் ஒதுக்கவில்லை.

பிறகு என்ன செய்தார்கள்?

முதலாவது, உபதேசம் செய்யாமல் நேரில் காட்டினார்கள். சுமார் 450 குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா ஆலையிலேயே சில வாரங்கள் பயிற்சி பெற வைத்தார்கள்.

இரண்டாவது, நாலு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாக அமைத்தார்கள். பழைய ஆலையில் 80க்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள். “இது என் வேலையல்ல” என்று ஒதுங்க எத்தனை வசதி! புதிய ஆலையில் உற்பத்திக்கு ஒரே பிரிவு. வேலையை எப்படிச் செய்வது என்று அணியே அளந்து பார்த்து, பேசி முடிவெடுத்தது. நம் மொழியில் சொன்னால் மஷூரா!

மூன்றாவது, அதிகாரம் கொடுத்தார்கள். பழுதைக் கண்டால் சாதாரணத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தலாம். முன்பு வரிசையை நிறுத்துவதே பெருங்குற்றம்.

நான்காவது, அச்சத்தைப் போக்கினார்கள். 1988இல் கார் விற்பனை சரிந்து ஆலை பாதி ஓய்ந்து கிடந்தபோதும் ஆட்குறைப்பு செய்யவில்லை. உபரி நேரத்தைப் பயிற்சிக்கும் சீர்திருத்தத்துக்கும் செலவிட்டார்கள். வேலை போய்விடும் என்று நடுங்குகிறவன் எப்படிப் புதிய யோசனை சொல்வான்?

விளைவு? வேலைக்கு வராதோர் இருபது சதவீதத்திலிருந்து மூன்று, நான்கு சதவீதமாகக் குறைந்தனர். கார்களின் தரமும் ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாக நின்றது. அதே ஊர், அதே ஆட்கள்!

இதைப் பார்த்து, அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் அணி முறையை நுழைத்தது. தொழிலாளியும் மேலாளரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது. முறையைக் காப்பியடிக்கலாம், நம்பிக்கையைக் காப்பியடிக்க முடியுமா?

‘நம்மி’யும் இன்று இல்லை. 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகிக்கொள்ள, தனியே நடத்த டொயோட்டாவும் விரும்பவில்லை. 2010இல் மூடினார்கள். மேலிடம் கைவிட்டால் எவ்வளவு நல்ல அணியும் தாங்காது. அதுவும் ஒரு பாடமே.

இனி நம் கதைக்கு வருவோம். கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவரை அடுத்த கமிட்டியில் ஓரங்கட்டுகிறோம். “ஆமாம்” போடுகிறவரைப் பொறுப்பாளராக்குகிறோம். கடையில் பத்து வருடம் நின்ற பையனிடம், எந்தச் சரக்கு ஏன் தேங்குகிறது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா? பழுதைக் காண்கிறவன் அவன்தான். கயிறு மட்டும் நம் கையில் இருக்கிறது!

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்லிவிட்டு வெளியேறுவது சுலபம். கயிற்றை இழுத்தவன் அங்கேயே நின்று பழுதையும் சரிசெய்ய வேண்டும்.

புதிய ஆள் தேடி ஊர் ஊராக அலையும் முன், உங்களோடு அதிகம் முரண்படும் ஒருவரை இந்த வாரமே அழைத்து உட்கார வையுங்கள். ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அதற்கான அதிகாரத்தையும் சேர்த்தே கொடுங்கள்!