கழுத்து வலிக்காத பைனாகுலர் போதும்

நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கக் கிளம்புற பட்டணத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பைனாகுலர்ல 20 மடங்கு, 30 மடங்குன்னு போட்டிருந்தா மயங்கிடாதீங்க. கை நடுங்கினா பறவையும் அத்தனை மடங்கு ஆடும். 8×32 போதும். 8 மடங்கு பெரிசாக் காட்டும். முன்கண்ணாடி 32 மில்லிமீட்டர் அகலம். 8×42 அந்தி நேரத்துல கொஞ்சம் வெளிச்சமாக் காட்டும், ஆனா கனம் கூட. கழுத்தை இழுத்தா அது கார்லயே கிடக்கும். அப்புறம் கூட்டுக்குப் பக்கத்துலயே போய்ப் பார்க்கத் தோணும். தாய்ப்பறவை எழும்பிட்டா முட்டை வெயில்ல காயும், குஞ்சைக் காக்கா தூக்கிடும். அந்த ஊர்க்காரங்க வீட்டு மரத்துலயே கூடு கட்டவிட்டுக் காப்பாத்துறாங்க. நாம கரையில நின்னு பார்த்துட்டு வர்றதுதான் அவங்களுக்குச் செய்யற மரியாதை.