முகம் மாறும் சூரன்

திருச்செந்தூர்க் கடற்கரையில் கந்த சட்டி நாளன்று கூடுவோர் காணும் காட்சி ஒன்றுண்டு. யானை முகத்தோடு வருவான் அசுரன். அது வீழ்ந்ததும் சிங்க முகத்தோடு வருவான். அதுவும் வீழ்ந்ததும் சொந்த முகத்தோடு வருவான். முகங்கள் மூன்று, உள்ளிருப்பவன் ஒருவனே! புராணத்தை நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் விடட்டும். அந்த வேடமாற்றத்தை மட்டும் நெஞ்சில் நிறுத்திக்கொள், தோழா! உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடும் கலை, அந்த மணலில் பயின்ற கலையோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டும் தேர்தல். அறிவிப்பு விதிப்படி இல்லை என்று கூறி அக்டோபர் 4ஆம் நாள் உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. நீக்கியதோடு நிற்கவில்லை, அவ்வாண்டு டிசம்பர் 31க்குள் தேர்தலை முடித்திடுக என்று நாளும் குறித்தது. நாள் வந்தது, தேர்தல் வந்ததா? இல்லை! வந்தது முதல் முகம்: வழக்கு! வழக்கின் வேகம் தணிந்ததும் வந்தது இரண்டாம் முகம்: வார்டு வரையறை! வரைந்து முடித்ததும் வந்தது மூன்றாம் முகம்: மாவட்டப் பிரிப்பு! 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் மற்ற மாவட்டத்துச் சிற்றூர்கள் வாக்களித்தன. நெல்லையும் தென்காசியும் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்துக்கிடந்தன. தாமிரபரணி ஒன்றுதான், ஆயினும் தூத்துக்குடிக் கரைக்கு ஓர் ஆண்டு, நெல்லைக் கரைக்கு வேறோர் ஆண்டு!

நகரங்களின் கதை இதனினும் கொடிது. 2016 அக்டோபர் 24இல் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19இல்தான் வாக்குப்பதிவு. மார்ச்சு 2இல்தான் உறுப்பினர் பதவியேற்பு. இடையிலே ஐந்து ஆண்டு, நான்கு மாதம்! ஒரு மன்றத்தின் முழு ஆயுளே ஐந்தாண்டுதான். ஆக, திருச்செந்தூர் மக்கள் இழந்தது ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல. ஒரு முழு மன்றத்தையே இழந்தனர்! பேரூராட்சியாக இருந்த ஊர் 2021இல் நகராட்சியாக உயர்ந்தபோதும், உயர்ந்தது பெயர்ப்பலகை; மன்றத்திலே அமர மக்களின் ஆள் ஒருவரும் இல்லை!

இன்னும் கேள். 2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் செய்தனர். கை தட்டினோம். அதே ஆண்டில் தேர்தலைக் காணாமற் போக்கினர். பாதி நாற்காலி உனக்கு என்று தாய்க்குலத்திடம் உரைத்துவிட்டு, நாற்காலி இருந்த அறையையே பூட்டிவிட்டது போலன்றோ இருந்தது!

மன்றம் இல்லாவிட்டால் என்ன, தனி அலுவலர் இருக்கிறாரே என்பர் சிலர். அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். நாம் அவரைக் குறை கூறவில்லை. ஆனால் கற்பனையாக ஒரு சிறு காட்சி காண்.

மூதாட்டி: ஐயா, எங்கள் தெருவிளக்கு அணைந்து பத்து நாளாயிற்று.

அலுவலர்: மனு கொடுங்கள், அம்மா.

மூதாட்டி: கொடுத்துவிட்டேனே!

அலுவலர்: மேலிடத்துக்கு அனுப்பிவிட்டோம்.

மூதாட்டி: அந்த மேலிடத்துக்கு என் வாக்கு வேண்டுமா, ஐயா?

அலுவலரிடம் விடை இல்லை. இருக்கவும் முடியாது! அவரை அனுப்பியது கோட்டை. அவரை மாற்றுவதும் கோட்டை. வார்டு உறுப்பினனோ அந்தத் தெருவிலேயே நடந்தாக வேண்டும்; அடுத்த தேர்தலில் அந்த மூதாட்டியின் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்த அச்சத்துக்குப் பெயர்தான் மக்களாட்சி!

அந்த நாற்காலியின் விலையை அறிவாயா? மதுரை மாவட்டத்து மேலவளவில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராக வென்ற முருகேசனை, 1997 சூன் 30ஆம் நாள் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றது சாதிவெறி. அவரோடு வேறு சிலரும் மாண்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் பத்தாண்டு தேர்தலே நடக்கவிடாமல் தடுத்தனர். 2006இல்தான் வழி பிறந்தது. செந்நீர் சிந்திப் பெற்ற நாற்காலியை, ஒரு கோப்பிலே கையெழுத்திட்டுக் காலி செய்வதா? அரிவாள் செய்ததை ஆணை செய்யலாமோ?

அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அவற்றின் கட்டளை. 2006இல் உச்சநீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. இருந்தும் என்ன? 2019இல் வாக்களித்த சிற்றூர்களின் மன்றங்களுக்கு 2025 சனவரி 5இல் காலம் முடிந்தது. புதிய உறுப்பினர் வரவேண்டிய வாசலில் மீண்டும் வந்தவர் தனி அலுவலர்! அவற்றுள் திருச்செந்தூர் ஒன்றியத்து ஊராட்சிகளும் அடக்கம்.

ஒரு கொடிக்கு உரிய குற்றம் அன்று இது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. 1996 வரை 23 ஆண்டுகள் மக்கள் மன்றமின்றிக் கிடந்தது தலைநகர். அதற்குள் கோட்டையில் எத்தனை கொடி ஏறின, எத்தனை கொடி இறங்கின! ஏறியவர் எவருக்கும் அவசரம் இல்லை. கடல் கடந்தும் இந்நோய் உண்டு. மன்றத் தேர்தலுக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே, சீரமைப்பு என்று காரணம் காட்டி, 2025 மே மாதத்துத் தேர்தலை ஒன்பது மன்றங்களுக்கு ஓராண்டு ஒத்திவைத்தனர். அங்கே அதற்குச் சீரமைப்பு முகம். இங்கே வரையறை முகம். அசுரன் அவனே!

எனவேதான் சொல்கிறோம்: எதிர்வரிசையில் இருக்கையில் தேர்தல் கேட்பது எளிது, ஆளும் வரிசையில் இருக்கையில் நாள் குறிப்பதே நாணயம். நம்மவர் கையில் அதிகாரம் இருப்பினும் நம் குரல் தாழலாகாது. தோற்போம் என்று அஞ்சித் தேர்தலைத் தள்ளுபவன், தள்ளும்போதே தோற்றுவிட்டான்!

திருச்செந்தூர் நகர்மன்றத்தின் ஐந்தாண்டு நிறைவுறும் காலம் 2027 மார்ச்சுத் தொடக்கம். தோழா! கிளைக்கழகக் கூட்டத்தில் அந்த நாளைச் சுவரில் எழுது. வாக்காளர் பட்டியலை இன்றே கையில் எடு. விடுபட்ட பெயரை வீடுவீடாகச் சென்று சேர். வார்டு எல்லை இன்னும் வரையவில்லை என்பாரேல், ஐந்தாண்டு கையில் இருந்தபோது செய்தது என்ன என்று கேள். எந்த முகத்தோடு வந்தாலும் அவனை அடையாளம் காண். நாற்காலி மக்களுடையது, அதைக் காலியாக வைக்கக் கோட்டைக்கு உரிமை இல்லை!