விளையாடும் பிள்ளையின் முழங்கால்

சில வருடங்களுக்கு முன் வலய மட்ட வலைப்பந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். எமது பங்கைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி துள்ளி எழும்பிப் பந்தைப் பிடித்தாள். கீழே வந்தபோது அவளுடைய இடது முழங்கால் உட்பக்கமாக மடிந்தது. எவரும் அவளை இடிக்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஆனால் அவளால் எழும்ப முடியவில்லை. முழங்காலின் உள்ளே மேலெலும்பையும் கீழெலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் நார் அறுந்துவிட்டதெனப் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவளுடைய குடும்பம் மூன்று தடவை இடம்பெயர்ந்த குடும்பம். சொந்தக் காணிக்கு இன்னமும் போக முடியாமல், குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்துப் பிழைக்கிறார்கள். அந்தப் பிள்ளை இன்று நடக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் குந்தியிருந்து வெங்காயம் நட அவளால் முடிவதில்லை. “எங்களைப் போல சனத்துக்கு இந்த விளையாட்டுத் தேவையோ பாதர்?” என்று தாய் என்னைக் கேட்டா. அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையை அவவுக்கான பிந்திய பதில் என்றே எழுதுகிறேன்.

விளையாட்டுத் தேவைதான். முகாம்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் வளர்ந்த பிள்ளைகள் மத்தியில் நான் வேலை செய்திருக்கிறேன். மாலை நேரத்தில் ஒரு பந்தும் ஒரு துண்டு வெறுங்காணியும் அவர்களுக்குச் செய்ததை வேறு எந்தத் திட்டத்தாலும் செய்ய முடியவில்லை. தவறு விளையாட்டில் இல்லை. ஆயத்தமில்லாத உடம்பை நாம் மைதானத்துக்குள் அனுப்பியதில்தான் இருக்கிறது. ‘நாம்’ என்று சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வலைப்பந்தாட்டத்தின் விதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தவள் அதனுடன் ஓட முடியாது. முதலில் ஊன்றிய காலைத் தூக்கினால், பந்து கையில் இருக்கும்வரை அதை மீண்டும் நிலத்தில் வைக்கக் கூடாது. மூன்று விநாடிக்குள் பந்தை எறிந்துவிடவும் வேண்டும். ஆகவே ஓடிவந்து, துள்ளி, வந்த வேகம் முழுவதையும் ஒரே காலில் ‘சடக்’கென நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைத் தொடைத் தசையும் பிட்டத் தசையும் தாங்க வேண்டும். அவை பலவீனமாயிருந்தால் சுமை முழங்கால் நாருக்குப் போய்ச் சேரும். கரப்பந்தாட்டத்தில் வலைக்குக் கிட்டத் துள்ளி இறங்குவதும், உதைபந்தாட்டத்தில் ஓடுகிற ஓட்டத்தில் திரும்புவதும் இதே கதைதான். இந்த நார் அறுவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடத்தில் பல மடங்கு அதிகம் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த விடயம்.

இதற்குள் வயதும் வந்து சேருகிறது. பெண்பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கிலும் ‘மளமள’வென்று உயருவார்கள். புடலங்கொடி பந்தலைத் தாண்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கொடிக்கு நீளம் வந்துவிடும், தாங்குவதற்குத் தடி இராது. பிள்ளையின் எலும்பு முதலில் நீளுகிறது, தசை பின்னால்தான் வந்து சேருகிறது. போன வருடம் அழகாகத் துள்ளிய பிள்ளை இந்த வருடம் காலைத் தடக்கி விழுந்தால் அது சோம்பல் அல்ல. தன்னுடைய புதிய கால்களை அவள் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. நோர்வே நாட்டில் 2007இல், 13 முதல் 17 வயது வரையான ஏறத்தாழ 1,900 உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளை வைத்து ஆய்வொன்று நடத்தினார்கள். சில கழகங்கள் வழக்கம்போல விளையாடின. மற்றவை ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் இருபது நிமிடமளவில் குறிப்பிட்ட சில அப்பியாசங்களைச் செய்தன. மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குந்தி எழும்புதல், முழங்கையில் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்தல், துள்ளி மெல்ல இறங்குதல் போன்றவையே அவை. எட்டு மாத முடிவில், அப்பியாசம் செய்த பகுதியினரிடம் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன; பாரதூரமான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இதை ‘11 பிளஸ்’ என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியது. இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. எமது கோயில் வளவிலும் செய்யலாம்.

இதையெல்லாம் வாசித்த உற்சாகத்தில் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் முழங்காலின் படத்தைக் கீறி, நார் எப்படி அறும், சத்திரசிகிச்சைக்குப் பிறகு மறுபடி விளையாட ஒன்பது மாதமோ அதற்கு மேலோ செல்லும், முப்பது வயதிலேயே மூட்டுவாதம் வரக்கூடும் என்று முக்கால் மணித்தியாலம் விளக்கினேன். மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். அடுத்த நாள் அப்பியாசத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி என்னுடைய சமையற்கார அம்மாவின் பேத்தி!

குருமடத்தில் எமக்குப் பிரசங்கம் செய்யப் படிப்பித்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முப்பது வயது என்பது மறு உலகம் என்பதை அங்கே எவரும் சொல்லித்தரவில்லை. நாளைக்கு வரும் நோவைச் சொல்லி அந்த வயதினரை இன்றைக்கு அசைக்க முடியாது. ஷெல்லுக்கும் பசிக்கும் நடுவே பிள்ளை வளர்த்த பெற்றோர் நாம். பயத்தைக் காட்டியே பிள்ளைகளைக் காப்பாற்றிப் பழகிவிட்டோம். விளையாட்டில் அந்தப் பழக்கம் உதவாது.

உதவியது ஒரு சோக்கட்டி. கோயில் மண்டபச் சுவரருகே பிள்ளைகள் ஒவ்வொருவராகத் துள்ளி, எட்டிய உயரத்தில் கோடு போட்டார்கள். பெயரின் முதலெழுத்தையும் எழுதினோம். பத்து நாள் அப்பியாசத்துக்குப் பிறகு மீண்டும் துள்ளலாம் என்றேன். அவ்வளவுதான்! முழங்காலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. குந்தி எழும்பினால் துள்ளும் உயரம் கூடும் என்று மட்டும் சொன்னேன், அது உண்மையுந்தான். முழங்காலைக் காக்கிற தசையும் உயரத் துள்ள வைக்கிற தசையும் ஒன்றே. பிள்ளை விரும்புவது உயரம். தாய் விரும்புவது முழங்கால். இரண்டும் ஒரே பத்து நிமிடத்தில் கிடைக்கும்போது, பிள்ளையிடம் எதைச் சொல்வது என்பதில்தான் எமது கெட்டித்தனம் இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் சிலருடைய கோடு மூன்று விரல் அளவுக்கு மேலே ஏறியது. ஏறாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒற்றைக்காலில் கண்ணை மூடி எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எண்ணினோம். அதில் அவர்கள் முந்தினார்கள். ஒருவரை மற்றவரோடு ஒப்பிடாமல், அவரவருடைய பழைய கோட்டோடு மட்டும் ஒப்பிட்டோம்.

இன்னொன்றையும் கண்டேன். அப்பியாசத்தை வீட்டுவேலை போலத் தனியாகச் செய்யச் சொன்னால் செய்வதில்லை. பந்தை எடுப்பதற்கு முந்திய பத்து நிமிடமாக, எல்லோரும் சேர்ந்து, தங்களுக்குள் ஒருத்தி எண்ணிக்கை சொல்ல, வாரத்தில் மூன்று நாள் செய்தால் அது விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது. எண்ணிக்கை சொல்பவள் முறை வைத்து மாறவேண்டும். இரண்டு அப்பியாசத்தில் எதை முதலில் செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். சிறிய விடயந்தான். ஆனால் எங்கே இருப்பது, எப்போது போவது என்று எதையுமே தாமாகத் தீர்மானிக்க முடியாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இப்போது எல்லா வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. பிள்ளை துள்ளி இறங்குவதை முன்னால் நின்று படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு அவளுக்கே காட்டுங்கள். முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி மடிகின்றனவா, பாதத்துக்கு நேரே நிற்கின்றனவா என்பதை அவளே கண்டுபிடிப்பாள். இறங்கும் சத்தமும் ஓர் அளவுகோல். ‘தொம்’ என்று கேட்டால் கால் சுமையை வாங்கவில்லை. பூனை மதிலால் குதிப்பது போலச் சத்தமில்லாமல் இறங்கும் போட்டி வைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளும் ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள்.

பாடசாலைகளில் அப்பியாசத்தைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கம் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. பிந்தி வந்தால் தோப்புக்கரணம், பந்தைத் தவறவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஐந்து ஓட்டம். குந்தி எழும்புவது குற்றத்துக்கு உரியது என்று ஒன்பது வருடம் படிப்பித்துவிட்டு, பத்தாம் வருடம் அதை விருப்பத்தோடு செய் என்றால் எந்தப் பிள்ளை செய்யும்? விளையாட்டு ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளாமல் இதை யோசிக்க வேண்டும்.

பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கும் வருகிறேன். பாரம் தூக்கினால் பிள்ளை வளராமல் நின்றுவிடும் என்கிறார்கள். அளவான பாரத்தை, சரியான முறையில், ஒருவர் பார்த்திருக்கத் தூக்கினால் வளர்ச்சி குறைவதில்லை என்பதே இன்றைய சிறுவர் மருத்துவத்தின் முடிவு. ஆனாலும் தொடக்கத்தில் பாரமே தேவையில்லை. சொந்த உடம்பு போதும். பிறகு ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கலாம். பெண்பிள்ளை ஆம்பிளை மாதிரி வந்துவிடுவாள் என்று ஒரு பாட்டி பயந்தா. அப்படி வருவதில்லை ஆச்சி, பெண்ணுடம்பின் சுரப்புகள் அதற்கு இடங்கொடா.

“விடியக் கிணற்றில தண்ணி அள்ளுறாள், தோட்டத்தில புல்லுப் பிடுங்குறாள், அது காணாதோ?” என்ற கேள்விதான் நியாயமானது. அந்த வேலை பலத்தைத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறுகிறது, குனிந்த முதுகு குனிந்தபடியே இருக்கிறது. துள்ளி இறங்கவோ, ஒற்றைக்காலில் வேகத்தை நிறுத்தவோ தோட்டம் பழக்குவதில்லை. அதோடு, காலை முழுவதும் களை பிடுங்கிய பிள்ளை மாலையில் மைதானத்துக்கு வரும்போது ஏற்கெனவே களைத்துத்தான் வருகிறாள். களைத்த கால்தான் மடிகிறது. போட்டி நாளன்றும் முந்திய நாளும் அவளுடைய தோட்ட வேலையை அண்ணன் செய்யட்டும். வெறும் தேத்தண்ணியோடு அனுப்பாமல் பயறோ கௌபியோ, முடிந்தால் ஒரு முட்டையோ கொடுத்தனுப்புங்கள்.

நோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பியாசம் செய்த மறுநாள் தொடை உளைவது இயல்பு. இரண்டு நாளில் போய்விடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் நொந்தால், அது வளரும் வயதில் வருவது. சில கிழமை துள்ளலையும் ஓட்டத்தையும் குறைக்க வேண்டும். மூட்டு வீங்கினாலோ, நொண்டி நடந்தாலோ, முழங்கால் ‘விட்டுப்போகிற’ மாதிரி இருக்கிறதென்று பிள்ளை சொன்னாலோ அன்றே விளையாட்டை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெய்க்கு நான் எதிரியல்லன். ஆனால் அறுந்த நாரை எண்ணெய் ஒட்டாது. பிள்ளை நோவை மறைப்பது அணியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற பயத்தினால். சொன்னால் ஏச்சு விழாது என்று தெரிந்தால்தான் அவள் வாய் திறப்பாள்.

முழங்கால் அறுந்த அந்தப் பிள்ளையை நான் ஒருநாள் வீட்டில் போய்க் கூப்பிட்டேன். விளையாட அல்ல, எண்ணிக்கை சொல்ல. முதலில் மறுத்தாள், தாய்க்கும் விருப்பமில்லை. மூன்றாம் கிழமை வந்தாள். இப்போது செவ்வாய், வியாழன், சனி ஐந்து மணிக்கு மண்டபத்தடியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, “முழங்காலைப் பார், முழங்காலைப் பார்” என்று சத்தம் போடுகிறாள். எனக்குக் கேளாத காதுகள் அவளுக்குக் கேட்கின்றன. சுவரில் அவளுடைய எழுத்துக்கு நேரே கோடில்லை. போன மாதம் ஒரு சின்னவள் அதைக் கேட்டுவிட்டாள். இவள் எழும்பிப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் பத்து எண்ணும்வரை நின்று காட்டினாள். அதற்கும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், மற்றக் கோடுகளுக்குக் கீழே.